வன்னியில் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் திட்டம்: வயலும் வேலையும் பள்ளியும் பயணமும்

வன்னியில் ஒரு குடும்பம் தன் ஆண்டுத் திட்டத்தை ஜனவரி முதலாந் திகதி எழுத உட்கார்ந்தால் அது பெரும்பாலும் ஒப்புக்கு எழுதிய திட்டமாகவே முடியும். அந்த நாளில் மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல், கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நிற்கும், கையிலிருந்த காசு உரத்துக்கும் களைநாசினிக்கும் போய்விட்டிருக்கும், மழை இன்னும் முற்றாக விட்டிருக்காது. எனவே ஆவணி இறுதியில், குளத்து நீரில் கோடையில் செய்யும் சிறுபோகத்தின் அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கையில் இருக்கும் கிழமையில், திட்டமிட அமர்வதே பொருத்தம் என்பது என் கருத்து. அங்கிருந்து அடுத்த ஆடி வரை எண்ணினால் இரண்டு போகமும் மூன்று தவணையும் ஒரே தாளில் அடங்கும். தைப்பொங்கலை அடுத்து இரண்டாம் முறை ஒரு மாலை அமர்ந்து, அதற்குள் அறிவிக்கப்பட்டுவிட்ட பள்ளித் திகதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வயல் இல்லாத வீட்டுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். கடை வைத்திருப்பவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், தையல் வேலை செய்பவர் ஆகிய எல்லோருடைய வருமானமும் நெல் விற்கும் மாதங்களில் ஏறி, மாரியில் இறங்குவதைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் யாரும் காணலாம். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கடற்றொழில் குடும்பங்களுக்கு மட்டும் கணக்கு வேறு. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையான காலமே அவர்களுக்கு வருமானம் குறைந்த காலம். வலை திருத்துவதையும் வள்ளம் பழுதுபார்ப்பதையும் அங்கே வைத்துவிட்டு, மற்றவற்றைத் தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்துக்குத் தள்ள வேண்டும்.

தாளில் எழுதும் முறை

பெரிய டிமை தாள் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். குறுக்கே ஆவணி முதல் ஆடி வரை பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, தமிழ் மாதத்துக்குக் கீழே ஆங்கில மாதத்தையும் எழுதுங்கள். வயலும் கோயிலும் தமிழ் மாதத்தில் ஓடுகின்றன, பள்ளியும் சம்பளமும் ஆங்கில மாதத்தில் ஓடுகின்றன. நெடுக்கே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, வயலுக்கு ஒரு வரி, காசுக்கு ஒரு வரி விடுங்கள். கைத்தொலைபேசியில் குறித்து வைப்பது நல்லதுதான், ஆனால் அது குறித்தவருக்கு மட்டுமே தெரியும். தாள் குசினிக் கதவில் தொங்கினால், மாலையில் பிள்ளையை யார் ஏற்றி வருவது என்று அம்மம்மாவும் பார்த்துச் சொல்வார்.

தாளில் வரும் நாட்கள் மூன்று வகைப்படும், அவற்றை ஒரே மாதிரி எழுதக்கூடாது. அசையாத நாட்களைப் பேனையால் எழுதுங்கள்: தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, மடு மாதா திருவிழா நடக்கும் ஜூலை 2, ஓகஸ்ட் 15, நத்தார், வீட்டாரின் திதிகள். நிச்சயம் வரும், ஆனால் நாள் இன்னும் தெரியாது என்ற வகையைப் பென்சிலால் எழுதுங்கள்: பரீட்சைகள், தவணைத் தொடக்கம், இல்ல மெய்வல்லுநர் போட்டி. மழையையும் குளத்தையும் பொறுத்தவற்றுக்கு நாளே எழுத வேண்டாம். விதைப்பு நடக்கக்கூடிய கிழமைகளையும் அறுவடை நடக்கக்கூடிய கிழமைகளையும் பென்சிலைச் சரித்துப் பிடித்து நிழலாகத் தீட்டிவிடுங்கள். நிழல் விழுந்த கட்டத்தில் வேறு எதையும் உறுதியாக ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே இந்தத் தாளின் பயன்.

மே 18 ஐப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2009 இல் உறவை இழந்த வீடுகள் வன்னியில் மிகப் பல. அந்த நாளில் ரியூசனையோ பயணத்தையோ கூலியாள் வேலையையோ போடாதீர்கள். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் ஏன் வெறுமையாக விடப்படுகிறது என்பதைத் தாள் எழுதும்போதே சொல்லி வைப்பது நல்லது.

வயலின் நிழல் எங்கே விழுகிறது

காலபோகத்துக்குப் புரட்டாசியில் உழவும், புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி வரை விதைப்பும், தை நடுப்பகுதியிலிருந்து மாசி வரை அறுவடையும் வரும். பிந்தி விதைத்தவருக்குப் பங்குனியிலும் வெட்டு இருக்கும். சிறுபோகம் சித்திரையில் தொடங்கி ஆடி, ஆவணியில் முடியும். ஆனால் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் கிடைக்கும் என்பதைக் குளமே தீர்மானிக்கிறது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் முழு நீர்மட்டம் 36 அடி. மாரி முடிந்து அது எத்தனை அடியில் நிற்கிறது என்பதைப் பார்த்தே, மாவட்டச் செயலர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புப் பரப்பும் தண்ணீர் திறக்கும் நாளும் கடைசி விதைப்பு நாளும் முடிவாகின்றன. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னாரின் கட்டுக்கரைக்குளம் ஆகியவற்றுக்கும் இதே முறைதான். ஆகவே உங்கள் மூன்று ஏக்கரிலும் சிறுபோகம் செய்யலாம் என்று எண்ணி ஆவணிச் செலவை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளக்கூடாது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் போக வேண்டும். திரும்பி வந்த அன்றிரவே முடிவான நாட்களைத் தாளில் ஏற்ற வேண்டும்.

அறுவடைக் கிழமைகளில் திட்டம் குலைவதற்கு முதற் காரணம் வெட்டு மெசின். மெசின் ஒரு வாய்க்காலை ஒட்டிய வயல்களில் இறங்கினால் வயல் வயலாக வெட்டிக்கொண்டே வரும். உங்கள் முறை முதல் நாள் மாலைதான் தெரியும், அதுவும் ஒரு மழைத் தூறலில் மாறிவிடும். மெசின் வரும் நாளில் வயலில் ஒருவரும், நெல் ஏற்றும் உழவு இயந்திரத்தோடு ஒருவரும், வீட்டில் படங்கு விரிக்க ஒருவரும் வேண்டும். நெல் காய்வதற்குக் குறைந்தது இரண்டு நாள் நல்ல வெயில் தேவை. அந்த நாட்களில் ஆடு மாடு கோழி பார்க்கவும் மழை இருட்டினால் படங்கை மடிக்கவும் பிள்ளைகளின் உதவி தேவைப்படும். அதைச் சனி, ஞாயிறோடு நிறுத்துங்கள். பள்ளி நாளில் பிள்ளையை மறித்து நெல்லுக்குக் காவல் வைப்பதைவிட, அயல் வீட்டாரோடு முறை வைத்து இரண்டு வீட்டு நெல்லையும் ஒரே இடத்தில் காயப்போடலாம்.

மார்கழியிலும் தையிலும் யானையும் பன்றியும் வரும் பக்கங்களில் இரவுக் காவல் இருக்கிறது. இரவு முழுதும் குடிலில் இருந்தவரை விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை ஓட்டப் பயிற்சிக்கு ஏற்றிச் செல்ல எழுதி வைத்தால் அந்த வரி ஒரு கிழமைகூட நிற்காது. காவலைத் திட்டத்தில் ஒரு வேலையாகவே எழுதுங்கள், மறுநாள் காலைப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றுங்கள். இன்னொரு சிறு குறிப்பு: சேற்றில் இறங்கும் காலம் தொடங்குவதற்கு முன், எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், அந்த நாளையும் புரட்டாசிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியும் பரீட்சையும்

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் என்ற பழைய கணக்கு கொரோனாவுக்குப் பின் சில ஆண்டுகள் குலைந்து கிடந்தது. 2023 இல் புதிய ஆண்டு மார்ச் இறுதியிலும், 2024 இல் பெப்ரவரி நடுப்பகுதியிலும், 2025 இல் ஜனவரி இறுதியிலும் தொடங்கியது. பரீட்சைகளும் அவ்வாறே நகர்ந்தன: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை 2024 இல் செப்டெம்பர் 15 அன்றும், 2025 இல் ஓகஸ்ட் 10 அன்றும் நடந்தது. முன்பு டிசம்பரில் வந்த சாதாரணதரப் பரீட்சை 2025 இல் மார்ச் மாதத்தில் நடந்தது. ஆகவே மூத்த பிள்ளைக்கு நடந்த மாதத்தை வைத்து இளைய பிள்ளைக்குத் திட்டமிடக்கூடாது. பரீட்சைத் திணைக்களம் அறிவிக்கும் வரை பென்சிலே போதும்.

உயர்தரம் எழுதும் பிள்ளை உள்ள வீடு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பரீட்சை 2024 இலும் 2025 இலும் நவம்பரில், வன்னியில் மழை உச்சத்தில் இருக்கும் நாட்களில் வந்தது. 2024 இல் நவம்பர் 25 அன்று தொடங்கிய பரீட்சை சீரற்ற காலநிலையால் சில நாட்கள் இடைநிறுத்தப்பட்டது. 2025 இல் டிட்வா புயலின்போது எஞ்சிய பாடங்கள் பிற்போடப்பட்டு 2026 ஜனவரியில் நடந்தன. இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, பரீட்சை முடிந்த மறுநாளே பயணம், சடங்கு, வீடு குடிபுகல் என்று எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது. ஒரு மாதமாவது வெறுமையாக விட வேண்டும். இரண்டாவது, வாய்க்காலோ ஆறோ குறுக்கிடும் பாதையில் போகும் பிள்ளைக்கு, பரீட்சை நிலையத்துக்கு அருகே இரண்டு மூன்று இரவு தங்கக்கூடிய உறவினர் வீட்டை ஆவணியிலேயே பேசி வைக்க வேண்டும். வெள்ளம் வீதியை மறித்த பிறகு கேட்பவருக்கு இடம் கொடுக்க எல்லோருக்கும் மனமிருக்கும், ஆனால் போய்ச் சேர வழி இருக்காது.

ரியூசன் வகுப்புகளை எழுதும்போது வகுப்பின் நேரத்தை மட்டும் எழுதாமல், போய்வரும் நேரத்தையும் யார் கூட்டிச் செல்வது என்பதையும் எழுதுங்கள். உள்வீதிகளில் மாலைப் பேருந்து பிந்தினாலும் வராவிட்டாலும் கேட்பாரில்லை. மூன்று வகுப்புக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கும் தகப்பன் அன்று வேறு எதுவும் செய்ய முடியாது என்பது தாளில் தெரிந்தால், எந்த வகுப்பை விடலாம் என்ற பேச்சும் தானாக வரும்.

மைதானம்

இல்ல மெய்வல்லுநர் போட்டி பெரும்பாலும் முதலாந் தவணையில், காலபோக வெட்டு நடக்கும் அதே கிழமைகளில் வருகிறது. இதை அறிந்திருந்தும் ஆண்டுதோறும் வீடுகள் தடுமாறுகின்றன. பிள்ளைக்குத் தேவைப்படுவது போட்டி நாள் ஒன்று மட்டுமல்ல. தெரிவுப் போட்டிகள், அணிநடைப் பயிற்சி, கடைசிக் கிழமையில் இரவு வரை இல்லச் சோடனை, அதற்குத் தென்னோலை, மூங்கில், வர்ணத் துணி என்று கேட்டு வரும் பிள்ளைகள், போட்டி நாளில் இல்லத்தில் தேநீர் கொடுக்கும் தாய்மார் என்று அது மூன்று நான்கு கிழமைகளைப் பிடிக்கும். பள்ளி நாள் அறிவித்தவுடன் பின்னோக்கி நான்கு கிழமையைக் குறித்து, அந்தக் கிழமைகளில் பிள்ளையை வயல் வேலையிலிருந்து முற்றாக விடுவியுங்கள். ஓலையோ மூங்கிலோ வீட்டு வளவில் இருந்தால் அதையும் அப்போதே ஒதுக்கி வையுங்கள். கடைசி நாளில் காசு கொடுத்தும் கிடைக்காது.

பிள்ளை இல்லப் போட்டியோடு நிற்கிறதா, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறுகிறதா என்பது அந்த நாள் மாலைதான் தெரியும். ஏறக்கூடும் என்று பயிற்றுநர் சொன்னால், அடுத்த கட்டங்களுக்கும் பென்சிலில் இடம் விடுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை முன்பே எடுத்து வையுங்கள், ஏனெனில் வயதுப் பிரிவில் ஒரு நாள் வித்தியாசமும் எண்ணப்படும். மாகாணப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு ஸ்பைக்ஸ் சப்பாத்து, போக்குவரத்து, இரவுத் தங்கல் என்று செலவு கூடும். அது சிறுபோகத்துக்குக் காசு இறங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் வரும் என்பதால், நெல் விற்ற கையோடு ஒரு தொகையைத் தபால் நிலையச் சேமிப்பில் போட்டு வைப்பது உதவும். வெயில் ஏறும் பங்குனி முதல் பயிற்சி விடியற்காலை அல்லது நாலரை மணிக்குப் பின் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஊர் விளையாட்டுக் கழகங்களின் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் வேறு கதை. சுற்றுப்போட்டிகள் புத்தாண்டை ஒட்டியும், வயல் ஓய்ந்த மாதங்களிலும் நடக்கும்; அவற்றுக்கு நாள் எழுத வேண்டியதில்லை, மகன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். உயர்தர ஆண்டில் கழக விளையாட்டை முற்றாக நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வரும் பிள்ளை இரவில் புத்தகத்தின் முன் நிமிர்ந்து இருக்கும்.

சம்பள வேலையும் லீவும்

அரச அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு லீவு எடுப்பதில் ஓரளவு இடமுண்டு. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் மகளுக்கோ மனைவிக்கோ அப்படியில்லை. லீவு நாட்களும் குறைவு, சித்திரைப் புத்தாண்டில் தொழிற்சாலை மூடும்போது கிடைக்கும் ஓய்வே அவர்களுக்கு நீண்ட ஓய்வு. ஆகவே யாருக்கு லீவு குறைவோ அவருடைய வரியை முதலில் நிரப்புங்கள். வெட்டு நாளுக்காக அவர் லீவை எரிக்காமல் கூலியாள் வைப்பது கணக்கில் மலிவாக இருக்கும். பிள்ளையின் போட்டி நாளுக்கு ஒன்று, வீட்டில் காய்ச்சல் வந்தால் எடுக்க இரண்டு மூன்று, கோயிலுக்கு ஒன்று என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டும். மாரியில் டெங்கு பரவும் காலத்துக்கு லீவு மிச்சமில்லாத வீடு பெரும் அவதிப்படும்.

காசு வரி

காசு வரியை நிரப்பினால் ஒன்று உடனே கண்ணில் படும். நெல் விற்ற காசு மாசி, பங்குனியிலும் ஆவணியிலும் வருகிறது. தீபாவளி, நத்தார், பொங்கல், புதிய பள்ளி ஆண்டு ஆகிய செலவுகளோ ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் நெருக்கியடிக்கின்றன. அதனால் அப்பியாசக் கொப்பி, புத்தகப் பை, சீருடைத் துணி ஆகியவற்றை ஆவணியிலேயே வாங்கி வைக்கலாம். சப்பாத்தை மட்டும் வாங்க வேண்டாம். நாலு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். அடைவு வைத்த நகை இருந்தால் மீட்க வேண்டிய கடைசி நாளைப் பேனையால் எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்னதாக இன்னொரு குறி போடுங்கள். உரத்துக்கான மானியம் எப்போது வரும் என்பதை மட்டும் காசு வரியில் வரவாக எழுதாதீர்கள். வந்த பின் எழுதலாம்.

கோயிலும் பயணமும்

நீண்ட பயணத்துக்கு வன்னிக் குடும்பத்துக்கு இரண்டு இடைவெளிகள்தான் உண்டு. ஒன்று காலபோக நெல் வீடு வந்து சிறுபோகத் தண்ணீர் திறப்பதற்கு முந்திய நாட்கள், அதாவது பங்குனிக் கடைசியும் புத்தாண்டை ஒட்டிய பள்ளி விடுமுறையும். மற்றது ஓகஸ்ட் விடுமுறையின் முற்பகுதி. அப்போது நெல் முற்றிக்கொண்டிருக்கும், வயலில் வேலை குறைவு. நிலாவெளிக் கடல் அமைதியாக இருப்பதும் அந்த மாதங்களில்தான் என்பதால் திருகோணமலைப் பயணத்தை ஓகஸ்டில் வைப்பது நல்லது. ஐந்தாந் தரப் பிள்ளை இருக்கும் ஆண்டில் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். அவ்வாண்டு பங்குனியோடு திருப்திப்பட வேண்டியதுதான். டிசம்பர் விடுமுறை நீளமாக இருந்தாலும் மழையையும் வெள்ளத்தையும் நம்பி வெளியூர் போக முடியாது. கொழும்புக்குப் போவதானால், கிளிநொச்சியிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ரயில் ஆசனங்களை முற்பதிவு தொடங்கிய நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

ஒரு நாள், ஓர் இரவு என்று முடியும் பயணங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம், பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான், வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளை அம்மன், ஜூலையிலும் ஓகஸ்டிலும் மடு என்று நேர்த்தி உள்ளவர்கள் எப்படியும் போவார்கள். வற்றாப்பளைப் பொங்கல் திங்கட்கிழமை இரவில் நடப்பதால் செவ்வாய்க்கிழமை பிள்ளை வகுப்பில் தூங்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, அன்று தவணைப் பரீட்சை இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூரணை தினங்களில் தாளைத் திருத்துதல்

மாதந்தோறும் பூரணை விடுமுறை வருகிறது. அன்று காலை பத்து நிமிடம் தாளின் முன் நின்று அடுத்த மாதக் கட்டத்தைப் பாருங்கள். உறுதியான நாட்களைப் பேனையால் எழுதி, பிழைத்தவற்றை அழியுங்கள். இரண்டு வேலைகள் ஒரே நாளில் விழுந்தால் எது விலகும் என்பதை முன்பே தீர்மானித்து வைத்திருப்பது சண்டையைக் குறைக்கும். என் கணக்கில் பரீட்சைக்கு எதுவும் விலகும். வெட்டுக்குப் பயணமும் சடங்கும் விலகும். பிள்ளையின் போட்டிக்கு ஒரு பெற்றோராவது வயலிலிருந்து விலக வேண்டும். உங்கள் வீட்டில் வரிசை வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு வரிசை இருக்க வேண்டும்.

வெளிநாட்டு உறவினரின் வருகை தனியாகக் கவனிக்க வேண்டியது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்கு விடுமுறை ஜூலையிலும் ஓகஸ்டிலும்தான். நல்லூர்த் திருவிழாவும் அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. புலமைப்பரிசில் பரீட்சை, உயர்தர மீட்டல், சிறுபோக வெட்டு என எல்லாம் நெருங்கும் அதே கிழமைகளில் வீட்டில் ஆறேழு பேர் வந்து தங்குவது மகிழ்ச்சிதான், ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஓர் அறை இல்லாமல் போய்விடும். தை மாதத்தில் தாளை இரண்டாம் முறை பார்த்த கையோடு பெரியப்பாவுக்கோ சித்திக்கோ தொலைபேசி எடுத்து, எந்தக் கிழமைகளில் வந்தால் எல்லோரும் சேர்ந்து இருக்கலாம், எந்தக் கிழமைகளில் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கக்கூடும் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் விமானச் சீட்டை எடுத்த பின் சொன்னால் இரு பக்கமும் சங்கடம்.